சோதனையில் தேறிய மாடும் தேறாத கன்றும்

செவ்வாய்க்கிழமை விடியும் முன்பே வேலூரை அடுத்த பொய்கைச் சந்தையில் மாடுகள் இறங்கத் தொடங்கிவிடும். சித்தூர், பலமநேர், புங்கனூர்ப் பக்கத்து வண்டிகள், கோலார்ப் பக்கத்து வண்டிகள், அணைக்கட்டிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் வரும் உள்ளூர் வண்டிகள் எல்லாம் ஒரே மைதானத்தில் நிற்கும். வாங்க வருகிறவர் முதலில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். அடுத்து சுழி. பிறகு மடி, காம்பு, பால் நரம்பு, நடை. தரகர் துண்டுக்குள் கையை மறைத்து விரல்களில் விலை பேசுவார். ‘மூன்று மாதச் சினை’ என்று சொன்னால் விலை ஒரு படி ஏறும். ஒன்றை வாங்கினால் இரண்டாகும் என்பது வாங்குகிறவரின் கணக்கு.

அந்த மூன்று மாதக் கணக்குக்குள்தான் ஒரு நோய் ஒளிந்திருக்கிறது. பல்லிலும் சுழியிலும் அது தெரியாது. அனுபவமுள்ள கால்நடை மருத்துவர் தடவிப் பார்த்தாலும் அகப்படாது. அதைவிட முக்கியமானது, இரத்தத்தை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினாலும் தவறான கேள்வியைக் கேட்டால் தவறான விடைதான் வரும்.

நோயின் பெயர் மாட்டு வைரஸ் கழிச்சல். மருத்துவர்கள் சுருக்கமாக பி.வி.டி. என்பார்கள். 1946 இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துப் பண்ணைகளில் கடுமையான கழிச்சலும் கன்று வீச்சுமாக இது முதலில் விவரிக்கப்பட்டது. பெயர் அப்போது ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்தப் பெயரே நம்மைத் திசைதிருப்புகிறது, ஏனென்றால் இந்த வைரஸ் தாக்கிய பெரும்பாலான மாடுகளுக்குக் கழிச்சலே வருவதில்லை. இரண்டு மூன்று நாள் காய்ச்சல், தீவனத்தில் சற்று நாட்டமின்மை, பாலில் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். ‘வெயில் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று விட்டுவிடுவார்கள். பத்துப் பதினான்கு நாளில் வைரஸ் உடலைவிட்டுப் போய்விடும். அடுத்த இரண்டு மூன்று வாரத்தில், நோயை எதிர்க்க உடலே உண்டாக்கும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் நிறைந்துவிடும். அந்த மாட்டைப் பொறுத்தவரை கதை அங்கே முடிந்தது.

அந்த மாடு இளஞ்சினையாக இருந்தால் கதை அங்கேதான் தொடங்குகிறது.

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். கருவின் உடலில் நோய் எதிர்ப்பு ஆற்றல் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. எது தன் உடல், எது வெளியார் என்று பிரித்தறியும் பாடத்தை அது முதல் நான்கு ஐந்து மாதங்களில்தான் கற்கிறது. சினைபிடித்த 40 ஆம் நாளுக்கும் 120 ஆம் நாளுக்கும் இடையில் இந்த வைரஸ் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவுக்குள் போய்விட்டால், கரு அதைத் தன் உடலின் ஒரு பகுதி என்றே எடுத்துக்கொள்கிறது. எதிர்த்துப் போராடுவதில்லை. பிறந்த பிறகும் போராடுவதில்லை. அந்தக் கன்று வாழும் காலம் முழுவதும் அதன் ஒவ்வொரு திசுவிலும் வைரஸ் பெருகிக்கொண்டே இருக்கும். மூக்குச் சளி, எச்சில், சிறுநீர், சாணம், பால் என எல்லாவற்றிலும் வெளியே வரும். காளையாக வளர்ந்தால் விந்திலும் வரும். இதைத்தான் நிரந்தரத் தொற்று என்கிறோம்.

அதே தொற்று சற்றுப் பிந்தி, நான்கு ஐந்து மாதச் சினையில் வந்தால் விளைவு வேறு. சிறுமூளை வளராத கன்று, கண் பார்வையில்லாத கன்று, எழுந்து நிற்கத் தெரியாமல் தள்ளாடும் கன்று பிறக்கலாம். ஊரில் அதைக் கண்ணேறு என்பார்கள், குலதெய்வக் குற்றம் என்பார்கள். ஆறாம் மாதத்துக்குப் பிறகு வந்தால் கரு தானே வைரஸை விரட்டிவிடும், எதிர்ப்பொருளோடு நல்ல கன்றாகப் பிறக்கும். தொடக்கத்திலேயே, சினைபிடித்த சில வாரத்திலேயே வந்தால் கரு கரைந்துபோகும், மாடு மறுபடி பருவத்துக்கு வரும். வீட்டுக்காரர் சினை ஊசி போட்டவரைக் குறை சொல்வார். நான்கும் ஒரே வைரஸின் வேலைதான், நாள் கணக்கு மட்டுமே வேறு. இது புரியாதவரை ஒரே ஊரில் ஒரே பருவத்தில் நடக்கும் இந்த நான்கையும் யாரும் சேர்த்து யோசிக்க மாட்டார்கள்.

இப்போது சந்தையில் கேட்ட ‘மூன்று மாதச் சினை’யை நினைத்துப் பாருங்கள். 90 நாள். அந்த ஆபத்தான இடைவெளியின் நட்டநடுவே நிற்கிற ஒரு பசுவை வண்டியில் ஏற்றி, பயணக் களைப்போடு, ஊர் பேர் தெரியாத நூற்றுக்கணக்கான மாடுகளுக்கு நடுவே கட்டிவைக்கிறோம். பக்கத்தில் கட்டியிருக்கும் ஒரு கிடேரி நிரந்தரத் தொற்றோடு இருந்து மூக்கோடு மூக்கு உரசினால் போதும். எந்தச் சினை மாட்டுக்கு நல்ல விலை கிடைக்கிறதோ, அதற்குத்தான் இந்தச் சந்தைப் பயணம் மிகவும் ஆபத்தானது.

நிரந்தரத் தொற்றுள்ள கன்றைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாமா? சில கன்றுகள் சோகையாக, வயதுக்கேற்ற வளர்ச்சியின்றி, எப்போதும் சளியும் கழிச்சலுமாக இருக்கும். அவற்றைப் பார்த்தாலே சந்தேகம் வரும். ஆனால் கணிசமானவை பளபளப்பான தோலோடு நன்றாகவே வளரும், சினை பிடிக்கும், கன்று ஈனும். நிரந்தரத் தொற்றுள்ள பசு ஈனும் ஒவ்வொரு கன்றும் நிரந்தரத் தொற்றுடனேயே பிறக்கும். இதற்கு விலக்கே இல்லை. மற்றவை ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் திடீரென்று வாயெல்லாம் புண்ணாகி, இரத்தக் கழிச்சல் கண்டு, சில நாளில் இறந்துவிடும். உடலிலேயே இருந்த வைரஸ் உருமாறி மூர்க்கமான வடிவம் எடுப்பதால் வரும் சளிச்சவ்வு நோய் அது. வாய்ப்புண் என்றதும் கோமாரி, அதாவது கால் வாய் நோய், என்று எழுதிவிடுவது எளிது. வேறு நோயாக இருக்குமோ என்று யோசிக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

தொற்று பரவியிருக்கும் இடங்களில்கூட இப்படிப்பட்ட மாடுகள் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் இருக்கும். ஆனால் இந்த வைரஸ் வெளியே வெயிலிலும் சோப்பிலும் நெடுநேரம் தாங்காத நோஞ்சான். அது ஊர்விட்டு ஊர் போக ஓர் உயிருள்ள மாடு வேண்டும். அந்த ஒன்றிரண்டு மாடுகள்தாம் அதன் வாகனம். மனிதருக்கு இது தொற்றாது, பாலைக் காய்ச்சிக் குடிப்பவருக்குப் பயமில்லை. ஆடுகளுக்குத் தொற்றும் என்பதால், ஆடும் மாடும் ஒரே கொட்டகையில் நிற்கும் நம் வீடுகளில் அதையும் நினைவில் வைக்க வேண்டும். இந்தியாவில் இந்த வைரஸின் முதல் வகை, இரண்டாம் வகை, ஹோபி எனப்படும் மூன்றாம் வகை ஆகிய மூன்றும் கண்டறியப்பட்டிருக்கின்றன. அந்த ஆய்வுகளில் பெரும்பங்கு போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனத்தினுடையது.

‘வெளியிலிருந்து வரும் மாடு’ என்றால் சட்டம் முதலில் கப்பலையும் விமானத்தையும்தான் நினைக்கிறது. 1898 ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 2001 இல் திருத்தப்பட்டுக் கால்நடைப் பொருள்களும் அதற்குள் வந்தன. வெளிநாட்டிலிருந்து உயிருள்ள மாடு, உறைவிந்து, கரு எது வந்தாலும் தனிமைப்படுத்தும் நிலையங்களின் கண்காணிப்பைத் தாண்டித்தான் உள்ளே வர முடியும். வேலூர் மாவட்டத்தில் பால் கறக்கும் ஜெர்சிக் கலப்பினமும் ஃபிரீசியன் கலப்பினமும் ஒரு காலத்தில் அப்படி வந்த இரத்தத்தின் வழித்தோன்றல்கள்தாம். ஆனால் இன்று ஒரு வேலூர் விவசாயிக்கு இறக்குமதி என்பது ஆந்திர எல்லையிலுள்ள கிறிஸ்டியான்பேட்டையையோ பரதராமியையோ தாண்டி வரும் ஒரு டாடா ஏஸ் வண்டி. 2009 ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் மாநில எல்லைகளில் சோதனைச் சாவடியும் தனிமைப்படுத்தும் முகாமும் அமைக்க அதிகாரம் தருகிறது. கோமாரி பரவும் காலத்தில் அந்த அதிகாரம் விழித்துக்கொள்கிறது, ஏனென்றால் கோமாரி கண்ணுக்குத் தெரிகிறது. வாயில் நுரை வழியாத நோய்க்கு வண்டியை நிறுத்துகிறவர் இல்லை. நான் சாவடிக்காரரைக் குறை சொல்லவில்லை. கண்ணால் பார்த்து நிறுத்தக்கூடிய நோய் இது இல்லை என்பதுதான் சிக்கல்.

சரி, சோதனை செய்வோம். எதைச் சோதிப்பது? இங்கேதான் படித்தவர்களும் தடுக்கி விழுகிறார்கள். பெரும்பாலான நோய்களுக்கு இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது நமக்குப் பழகிய வழி. எதிர்ப்பொருள் இருந்தால் சந்தேகம், இல்லாவிட்டால் நிம்மதி. கன்று வீச்சு நோயான புருசெல்லாவுக்கு அப்படித்தான் பார்க்கிறோம். மாட்டு ஹெர்பிஸ் வைரஸுக்கும் அதே கணக்குத்தான். அது நரம்பு முடிச்சில் பதுங்கிக்கொண்டு, லாரிப் பயணம் போன்ற அலைச்சல் வரும்போது தலைதூக்கும் நோய். அதற்கு எதிர்ப்பொருள் காட்டும் மாட்டை, தடுப்பூசி போடாததாக இருந்தால், வாழ்நாள் முழுவதும் வைரஸைச் சுமக்கும் மாடு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பி.வி.டி.யில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. எதிர்ப்பொருள் உள்ள மாடு, எப்போதோ நோய் கண்டு மீண்ட மாடு. சினையாக இல்லாதவரை அந்த மாட்டால் மந்தைக்கு ஆபத்தில்லை. நிரந்தரத் தொற்றுள்ள மாடோ வைரஸைத் தன் சொந்தமாக நினைப்பதால் எதிர்ப்பொருளே உண்டாக்குவதில்லை. எதிர்ப்பொருள் சோதனையில் அது சுத்தம் என்று தேறும். மிக ஆபத்தான மாட்டுக்கு மிகச் சுத்தமான சான்றிதழ்! ஆகவே தேட வேண்டியது வைரஸையே. காதோரத்தில் ஒரு சிறு துண்டுச் சதை எடுத்து எலைசா முறையில் வைரஸின் புரதத்தைத் தேடலாம், அல்லது இரத்தத்தில் பி.சி.ஆர். செய்யலாம். வைரஸ் இருந்தால் மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். தற்காலிகத் தொற்று அதற்குள் தீர்ந்திருக்கும். இரண்டாம் முறையும் வைரஸ் இருந்தால் அது நிரந்தரம்.

இளங்கன்றில் இன்னொரு கண்ணி இருக்கிறது. சீம்பால் குடித்த கன்றின் இரத்தத்தில் தாயின் எதிர்ப்பொருள் நிறைந்திருக்கும். அது வைரஸின் புரதத்தை மூடி மறைத்து, சில வாரங்களுக்கு எலைசாவை ஏமாற்றிவிடும். காதுச் சதையில் இந்த ஏமாற்று குறைவு. அதனால்தான் கன்றுகளுக்கு இரத்தத்தைவிடக் காதையே நம்புகிறார்கள். சோதனைக்காகச் சீம்பாலைத் தள்ளிப்போடும் தவறை யாரும் செய்துவிடக் கூடாது. சீம்பால் இல்லாத கன்று வேறு நோயில் போய்விடும்.

இனி, வயிற்றுக்குள் இருப்பது. வண்டியில் வந்த ஏழு மாதச் சினை மாட்டை முறையாகவே சோதித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். காதில் வைரஸ் இல்லை. மூன்று வாரம் தனியே கட்டி மறுபடியும் பார்த்தோம், இல்லை. மாடு தேறிவிட்டது. ஆனால் அந்த மாடு மூன்றாம் மாதச் சினையில் வேறொரு சந்தையில் தொற்றுக்கு ஆளாகி மீண்டிருந்தால்? தாயின் உடலில் வைரஸ் இல்லை, எதிர்ப்பொருள்தான் இருக்கிறது. வயிற்றுக் கன்றின் உடலிலோ வைரஸ் நிரந்தரமாகக் குடியிருக்கிறது. தாயிடம் எடுத்த எந்த மாதிரியும் கன்றின் நிலையை உறுதியாகச் சொல்லாது. தாயின் எதிர்ப்பொருள் அளவு வழக்கத்துக்கு மிக அதிகமாக இருந்தால் சந்தேகப்படலாம், அவ்வளவுதான். ஐந்தாம் வாரம் அந்தப் பசு வீட்டுக் கொட்டகைக்குள் போகும். பத்தாவது வாரம் கன்று பிறக்கும். சீம்பாலைக் காய்ச்சி அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் கொடுப்பார்கள், பிள்ளைகள் கன்றைத் தடவிக் கொடுப்பார்கள். அன்று முதல் அந்தத் தெருவில் இளஞ்சினையாக நிற்கும் ஒவ்வொரு மாட்டுக்கும் ஆபத்து.

வெளியிலிருந்து வரும் மாடுகளைச் சோதிப்பது பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் எல்லையில் நடக்கும் சோதனையோடு நின்றுவிடுகிறார்கள். சினை மாட்டைப் பொறுத்தவரை எல்லையில் பாதிச் சோதனைதான் நடக்க முடியும். மீதிப் பாதி, கன்று பிறந்த பிறகு வாங்கியவர் வீட்டில் நடக்க வேண்டியது. அந்தச் சோதனை முடியும்வரை, சினை மாட்டுக்குக் கொடுத்த எந்தச் சான்றிதழும் முழுமையானதில்லை.

இந்த மாவட்டத்துக்கு மாட்டுநோயோடு ஒரு பழைய வரலாறு இருக்கிறது. மாடுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற வெக்கை நோய் இந்தியாவில் கடைசியாகக் காணப்பட்டது 1995 ஜூனில், அன்றைய வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டத்தில். 1932 இல் தோன்றிய, பக்கத்து இராணிப்பேட்டையில் இன்றும் தடுப்பூசி தயாரித்துவரும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் அந்த நெடும்போரில் பங்குகொண்ட நிறுவனம். 2006 இல் இந்தியா வெக்கை நோயற்ற நாடு என்று அறிவிக்கப்பட்டது, 2011 இல் உலகமே. அவ்வளவு கொடிய நோயை ஒழிக்க முடிந்ததற்கு நல்ல தடுப்பூசியோடு இன்னொரு காரணமும் உண்டு. வெக்கை கண்ட மாடு ஒன்று செத்துவிடும், அல்லது பிழைத்து வாழ்நாள் முழுவதும் எதிர்ப்பாற்றலோடு இருக்கும். நோயை உள்ளே வைத்துக்கொண்டு நலமாகத் திரியும் மாடு என்று ஒன்று அதில் கிடையாது. பி.வி.டி. உயிர் வாழ்வதே அப்படிப்பட்ட மாட்டால்தான். ஊர் முழுக்க ஊசி போடும் பழைய வழி இங்கே தனியாக வேலை செய்யாது, ஏனென்றால் நிரந்தரத் தொற்றுள்ள மாட்டுக்குத் தடுப்பூசி போட்டாலும் வைரஸ் போகாது.

இதை ஒழித்த நாடுகள் அந்த மாடுகளைத் தேடிப் பிடிக்கும் வழியையே எடுத்தன. நார்வே, ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து 1990களில் தடுப்பூசி இல்லாமலேயே இந்தத் தேடலைத் தொடங்கின. பண்ணையின் மொத்தப் பாலில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்த்து, இருக்கும் பண்ணைக்குள் மட்டும் நுழைந்து மாடு மாடாகத் தேடினார்கள். ஸ்விட்சர்லாந்து 2008 இல் நாட்டு மாடுகள் அனைத்தையும் சோதித்தது. கோடையில் பல பண்ணை மாடுகளை மலைமேல் ஒன்றாக மேயவிடும் வழக்கம் அங்கே வைரஸுக்குப் பெரிய வசதியாக இருந்தது. நம் ஏரிக்கரை மேய்ச்சலை அறிந்தவர்களுக்கு இது நன்றாகவே விளங்கும். அயர்லாந்து 2013 முதல் பிறக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் சோதனையைக் கட்டாயமாக்கியது. கன்றுக்கு அடையாள வில்லையைக் காதில் குத்தும்போதே ஒரு துளிச் சதை சிறு குப்பிக்குள் விழும், அதுவே ஆய்வகத்துக்குப் போகும்.

இரண்டு மாடு, ஒரு கன்று என்று வைத்திருக்கும் நம் வீடுகளில் இதை அப்படியே பின்பற்ற முடியாது. நம் ஊரில் ஒரு வீட்டை மந்தை என்று சொல்ல முடியாது, தெருவே மந்தை. ஆனால் அந்தத் தெருவின் பால் காலையும் மாலையும் ஒரே கூட்டுறவுச் சங்கத்தில்தான் வந்து சேர்கிறது. கொழுப்புக்காகப் பால் மாதிரி எடுக்கும் அதே கை, ஆண்டுக்கு இரண்டு முறை சங்கத்தின் மொத்தப் பாலிலிருந்து ஒரு குப்பி எடுத்து எதிர்ப்பொருள் அளவைப் பார்த்தால், எந்த ஊரில் வைரஸ் சுற்றுகிறது என்ற வரைபடம் கிடைத்துவிடும். அளவு உயர்ந்திருக்கும் ஊர்களில் மட்டும் கன்றுகளின் காதைத் தேடிப் போகலாம். பன்னிரண்டு இலக்க எண்ணோடு காது வில்லை போடும் வேலை ஏற்கெனவே நடக்கிறது. அந்த ஊர்களுக்கு மட்டுமாவது சதை எடுக்கும் வில்லையைக் கொடுத்தால் இன்னொரு முறை மாட்டைக் கட்டிப் பிடிக்க வேண்டியதில்லை. இது என் யோசனைதான், யாருடைய திட்டமும் இல்லை. ஆனால் இதற்குத் தேவையான கைகள் எல்லாம் ஊரில் ஏற்கெனவே இருக்கின்றன.

அதுவரை பொய்கையில் மாடு வாங்குகிறவர் செய்யக்கூடியவை உண்டு. புது மாட்டை மூன்று நான்கு வாரம் தனியாக, புங்கமரத்தடியிலாவது கட்டுங்கள். கழனித் தொட்டியைப் பொதுவாக வைக்காதீர்கள். முக்கியமாக, வீட்டில் ஐந்து மாதத்துக்குட்பட்ட சினை மாடு இருந்தால் அதன் மூக்கும் புது மாட்டின் மூக்கும் சந்திக்கவே கூடாது. புது மாடு சினையாக வந்திருந்தால், அது ஈன்ற கன்றுக்குச் சோதனை முடியும்வரை அதே ஒதுக்கம் கன்றுக்கும் தொடர வேண்டும். மருத்துவரிடம் மாதிரி கொடுக்கும்போது ‘எதிர்ப்பொருள் பார்க்க வேண்டாம், வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்’ என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

கன்றில் நிரந்தரத் தொற்று உறுதியானால் என்ன செய்வது என்பதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. அதற்கு மருந்து இல்லை. இதை ஒழிக்க முனைந்த ஐரோப்பிய நாடுகளில் அந்த மாட்டைக் கொன்றுவிடுகிறார்கள், சில நாடுகளில் அரசு பணம் கொடுக்கிறது. இங்கே 1958 ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குப் பாதுகாப்புச் சட்டம், குணமாகாத நோயால் வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் நிரந்தரமாகத் தகுதியிழந்த மாட்டுக்குத்தான் வயது பாராமல், வெட்டுவதற்கான சான்றிதழ் தர இடம் கொடுக்கிறது. பார்க்கத் துள்ளிக் குதிக்கும் கிடேரிக் கன்றுக்கு அந்தச் சான்றிதழை எழுதும் மருத்துவரின் சங்கடம் எனக்குப் புரிகிறது. வீட்டுப் பெண்களின் மனமும் புரிகிறது. கன்றைச் சாகும்வரை தனியே கட்டி வளர்ப்பது ஒரு வழி, அதற்குத் தீவனச் செலவு இருக்கிறது. மூன்றாவது வழிதான் நடைமுறையில் நடக்கும். சங்கக் கடனில் மாடு வாங்கியவர், நட்டத்தைக் குறைக்க, அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தக் கிடேரியை மறுபடி பொய்கைக்கே ஓட்டிப் போவார். பல் நன்றாக இருக்கும், சுழி நன்றாக இருக்கும், நல்ல விலையும் கிடைக்கும். அவர் அப்படிச் செய்யாமலிருக்க வேண்டுமானால், சோதனை முடிவு வந்த வாரத்திலேயே அந்தக் கன்றின் சந்தை விலை அவர் கைக்கு வந்துசேர வேண்டும். காப்பீடா, சங்க நிதியா, கால்நடைத் துறையா, யார் கொடுப்பது என்பதை முதல் காதுச் சதையை எடுப்பதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும்.